உங்கள் வேலைக்கு ஒரு பாயிரம்

(கவின்கலை, காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போர்ட்ஃபோலியோ வெப்சைட் ஒன்றைச் சொந்தமாக வடிவமைத்துக் கட்டுவது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். கட்டுவதை மட்டும் சொல்வதென்றால் அரை மணி நேரம்கூட வேண்டாம். தேவையான அளவு எச்.டி.எம்.எல்.லும் சி.எஸ்.எஸ்.ஸும் ஒரு விடுமுறைக்குள் பிடிபட்டுவிடும். அதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு ஆயத்த டெம்ப்ளேட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. நான் பார்த்தவரை மாணவர்களின் தளங்கள் கோடிங்கில் சிக்கி நிற்பது அபூர்வம். முகப்பு தயாராகிவிடும், படங்கள் ஏறிவிடும், 'என்னைப் பற்றி' என்ற பக்கம் மட்டும் காலியாகக் கிடக்கும். அந்த ஒரு பக்கத்துக்காகத் தளமே மாதக்கணக்கில் வெளிவராமல் காத்திருக்கும்.

சோம்பல் என்று வைவார்கள். எனக்கு அது கூச்சமாகத்தான் படுகிறது. தன்னைத் தானே மெச்சிக்கொள்வது நல்ல பிள்ளைக்கு அழகில்லை என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் வளர்க்கிறார்கள். அதைத் தாண்ட முடியாதவர்களில் சிலர் வாயே திறக்காமல் படங்களை மட்டும் அடுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் எங்கிருந்தோ எடுத்த வாசகத்தைத் தமிழாக்கி, 'கனவுகளுக்கு வண்ணம் தீட்டும் படைப்பாளி' என்று போட்டுக்கொள்கிறார்கள். இதைப் படிக்கிற ஸ்டூடியோக்காரருக்கு, உங்களுக்கு லோகோ போட வருமா, புத்தகம் பக்கமாக்க வருமா, ஒன்றும் விளங்காது.

இந்தக் கூச்சத்துக்கு நன்னூலில் வழி இருக்கிறது. சிரிக்காதீர்கள். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இலக்கணம். புணர்ச்சி விதிகளுக்காகப் பள்ளியில் உருப்போட்டு, தேர்வு முடிந்த மறுநாளே நாம் மறந்த அதே நூல். அதன் தொடக்கத்தில் பாயிரம் என்றொரு பகுதி உண்டு. ஒரு நூலை உலகத்துக்கு அறிமுகம் செய்வது எப்படி என்பதற்கான விதிகளும் அதில் அடக்கம். எத்தனை துறையைக் கரைத்துக் குடித்தவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று அது முதலில் சொல்லிவிடுகிறது, உங்கள் அம்மா சொன்னதைப் போலவே. அடுத்த மூச்சில் நான்கு விலக்குகளைத் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது புகழ்ந்துகொள்ளலாம். தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே புகழ்ந்துகொள்ளலாம். அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்திலும், எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போதும் புகழ்ந்துகொள்ளலாம்.

கடைசி இரண்டையும் விட்டுவிடுவோம். அவற்றுக்கு இப்போது சமூக ஊடகம் இருக்கிறது. முதல் இரண்டைப் பாருங்கள். வேலை தரக்கூடிய இடத்துக்குப் போகும் ஓலை. உங்களை முன்பின் அறியாதவர் அதைப் படிக்கப் போகிறார். போர்ட்ஃபோலியோ இந்த இரண்டும் சேர்ந்தது. ஆகவே கூச்சத்தை இந்த ஓரிடத்தில் கழற்றி வைக்கலாம். இலக்கணமே அனுமதித்திருக்கிறது.

எதைச் சொல்லிப் புகழ்ந்துகொள்வது? அதற்கும் பவணந்தியார் பட்டியல் வைத்திருக்கிறார். நூலை ஆக்கியவர் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்ல வந்த பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு என்கிறார், ஆக 11. இவற்றில் எங்காவது 'நான் மிகுந்த ஆர்வமுள்ளவன்' என்று இருக்கிறதா? எல்லாமே வேலையைப் பற்றிய தகவல்கள். கேட்கிறவர் அவற்றைக் கொண்டு ஆளை எடைபோட்டுக்கொள்வார்.

ஓர் உதாரணம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அந்த ஊர்க் கடை ஒன்றுக்கு நீங்கள் பாக்கெட் உறை வடிவமைத்ததாக வைத்துக்கொள்வோம். வழக்கமாகத் தளத்தில் என்ன இருக்கும்? பளபளப்பான ஒரு மாக்-அப். பாக்கெட் காற்றில் மிதக்கும், சுற்றிலும் நிலக்கடலை பறக்கும். அடியில் 'பேக்கேஜிங் டிசைன்' என்று இரண்டு சொல். முடிந்தது.

இப்போது பாயிரத்தின் கேள்விகளைக் கேளுங்கள். ஆக்கியவர் நீங்கள் மட்டுமா, கூட யாரும் உண்டா? பழைய உறை எப்படி இருந்தது, அதிலிருந்து எதை வைத்துக்கொண்டீர்கள்? அது வந்த வழி. எங்கே விற்கிறது, பேருந்து நிலையப் பெட்டிக்கடையிலா, விமான நிலையத்திலா? அது எல்லை. எந்தத் தாளில், எத்தனை நிறத்தில் அச்சாகிறது? அதை யாப்பு என்று கொள்ளலாம். உங்களைக் கட்டிப்போட்ட அளவுகள் எல்லாம் யாப்புதான். வாங்குவது யார்? ஏன் மாற்றச் சொன்னார்கள்? மாற்றிய பிறகு என்ன ஆயிற்று?

பதில்களை வரிசையாக எழுதினால் ஏறக்குறைய இப்படி ஒரு பத்தி வரும்: 'பெட்டிக்கடைகளில் இந்தப் பாக்கெட்டுகளைச் சரமாகத் தொங்கவிடுகிறார்கள். பழைய உறையில் கடையின் பெயர் மேல் ஓரத்தில் இருந்ததால் மடிப்புக்குள் மறைந்தது. பெயரை நடுவுக்கு இறக்கினேன். பின்பக்கம் கரும்பழுப்பாக இருந்ததால் தயாரித்த தேதியின் முத்திரை தெரியவில்லை. அங்கே ஒரு வெள்ளைப் பட்டை விட்டேன். இரண்டு நிறத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது கடைக்காரரின் நிபந்தனை. எழுத்தும் அமைப்பும் என்னுடையவை, கடலைக்கொடி ஓவியம் வகுப்புத் தோழி வரைந்தது.'

இதில் ஒரு பாராட்டுச் சொல்கூடக் கிடையாது. ஆனாலும் படிப்பவருக்கு என்ன தெரிகிறது? இந்த ஆள் கடைக்குப் போய் நின்று பார்த்திருக்கிறார். செலவுக்குள் அடங்கத் தெரிந்தவர். அடுத்தவர் உழைப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளாதவர். அந்தக் கடைசி வரியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழுவாகச் செய்த வேலையில் என் பங்கு இது என்று நறுக்கென்று எழுதுவது, 'நாங்கள்' என்று மூடி மறைப்பதைவிட உங்களுக்கு அதிக மதிப்பைத் தரும். குறும்படத்தில் துணை ஒளிப்பதிவாளராக இருந்துவிட்டு அந்தப் படத்தையே தன் படம் என்று போட்டுக்கொள்கிறவர்களைத் துறையில் ஒரு போன் அழைப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பயன் என்ற கேள்வியில்தான் மாணவர்கள் தடுமாறுவார்கள். 'விற்பனை 40 சதவீதம் உயர்ந்தது' என்று கையில் கணக்கில்லாமல் எழுதிவிட வேண்டாம். கடைக்காரர் அடுத்த அச்சுக்கும் அதே உறையைக் கேட்டார் என்றால் அதை எழுதுங்கள். அதுவே நல்ல சான்று. வகுப்புப் பயிற்சி என்றால் வகுப்புப் பயிற்சி என்றே போடுங்கள். பெரிய நிறுவனம் ஒன்றின் லோகோவைக் கற்பனையாக மாற்றி வரைந்துவிட்டு, அது கற்பனை என்று சொல்லாமல் விடுவது ஏமாற்றுவேலை. கேட்ட மாத்திரத்தில் வெளிவந்துவிடும்.

இன்னொன்று, கிறுக்கல்கள். நிராகரிக்கப்பட்ட முதல் வரைவுகள், பென்சிலில் போட்டுப் பார்த்த எழுத்துகள், அச்சகத்திலிருந்து வந்த திருத்தம். முன்பெல்லாம் இவற்றை மறைத்துவிட்டு முடிந்த வேலையை மட்டும் காட்டச் சொல்வோம். காற்றில் மிதக்கும் கடலைமிட்டாய்ப் படத்தை இன்று யார் வேண்டுமானாலும் ஒரு வரி தட்டிச் செயற்கை நுண்ணறிவிடம் வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் யோசித்த பாதையை அப்படி வாங்க முடியாது. அதனால் குப்பைக்கூடைக்குப் போகவிருந்த தாள்களைப் படமெடுத்து வையுங்கள்.

எத்தனை வேலைகளை வைப்பது என்று கேட்பீர்கள். ஐந்து அல்லது ஆறு என்பது என் கணக்கு. விதி ஒன்றும் இல்லை. ஆறாவது சுமாராக இருந்தால் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்க்கிறவர் சராசரி போட்டுப் பார்ப்பதில்லை, இருப்பதில் மோசமானதைத்தான் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறார். எதைக் காட்டுகிறீர்களோ அதே வேலைதான் தேடி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். கல்யாண ஆல்பம் செய்து அலுத்துப் போனவர், நன்றாக வந்திருக்கிறதே என்று கல்யாண ஆல்பங்களையே முகப்பில் வைத்தால் இன்னும் கல்யாணங்கள்தான் வரும். வாடிக்கையாளர் இன்னும் வெளியிடாத வேலையைக் கேட்காமல் போடக் கூடாது. சினிமா போஸ்டர் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பாயிரத்தை விட்டு நகர்வதற்கு முன் ஒரு விஷயம். ஒரு நூலுக்கென்றே எழுதப்படும் அறிமுகமான சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் தானே எழுதிக்கொள்ளக் கூடாது. தன் ஆசிரியர், தன்னோடு படித்தவர், தன் மாணாக்கர், தகுதியான உரைகாரர் என்ற நால்வரில் ஒருவர் எழுத வேண்டும். உங்களுக்கு இன்னும் மாணாக்கர் வாய்க்கவில்லை, உரைகாரர் பிறந்தாரா என்பதே தெரியாது. முதல் இருவரும் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். 'திறமையான மாணவி, நல்ல எதிர்காலம் உண்டு' என்பது யாருக்கும் பொருந்தும் வரி. 'அச்சகத்தில் நிறம் மாறிவிட்டதென்று தெரிந்ததும் அன்றே போய் நின்று சரிசெய்து வந்தவர்' என்பது ஒருவருக்குத்தான் பொருந்தும். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். இரண்டாவது வகையில் எழுதிக் கொடுங்கள் என்று என் பங்குக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் டிசைனர்களின் தளம் என்றாலே ஃப்ளாஷ்தான். மேக்ரோமீடியாவின் மென்பொருள், 2005இல் அந்த நிறுவனத்தையே அடோபி வாங்கியது. தளத்தைத் திறந்தால் திரை இருளும், இசை கிளம்பும், எழுத்துகள் நாலா பக்கத்திலிருந்தும் பறந்து வந்து ஒரு பெயராகச் சேரும். மூலையில் இந்த முன்னோட்டத்தைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தான் இருக்கும். வந்தவர்கள் முதலில் தேடியது அந்தப் பொத்தானைத்தான் என்பது வேறு விஷயம். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கைகள் அதில் உழைத்தன. 2007இல் வந்த ஐஃபோன் ஃப்ளாஷை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கமாகவே எழுதினார். 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயர் எதையும் ஓட்ட மறுத்தது. அத்தனை உழைப்பும் வெற்றுப் பெட்டிகளாயின. ரஃபிள் போன்ற மென்பொருள்கள் சிலவற்றை மீட்டெடுக்கின்றன, எல்லாவற்றையும் அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றைப் பாருங்கள். ஜெனிவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990களின் தொடக்கத்தில் எழுதிய உலகின் முதல் வலைத்தளம். படம் கிடையாது, நிறம் கிடையாது, வெறும் எழுத்தும் இணைப்புகளும். அதன் பழைய பிரதி ஒன்றை 2013இல் செர்ன் அதே முகவரியில் மறுபடி வைத்தது. உங்கள் கைபேசியில் இப்போதே திறந்து பாருங்கள், திறக்கும். அது எழுதப்பட்டபோது இப்படி ஒரு கருவி வரும் என்று யாரும் கணக்கிடவில்லை. ஆனாலும் பக்கம் திரைக்கு ஏற்றபடி மடங்கிக்கொள்கிறது. எச்.டி.எம்.எல். பழைய பக்கங்களைக் கைவிடாமல் வளர்ந்த மொழி. 1993 ஏப்ரல் 30 அன்று வலையின் மென்பொருளை யாருக்கும் கட்டணமின்றிப் பொதுவில் விட்டது செர்ன். இந்த இரண்டும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றின.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். உங்கள் எழுத்தும் படங்களும் வெறும் எச்.டி.எம்.எல். பக்கத்தில் நிற்கட்டும். அசைவும் அலங்காரமும் அதன்மேல் ஏறட்டும். அலங்காரம் ஓடாமல் போனாலும் கடலைமிட்டாய்ப் பத்தி படிக்கக் கிடைக்க வேண்டும். சோதனை எளிது: சி.எஸ்.எஸ். கோப்பின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பார்க்க அழகாக இருக்காது. படித்தால் புரிகிறதா? புரிந்தால் அஸ்திவாரம் சரி.

'இன்ஸ்டாகிராம் இருக்கிறதே, போதாதா?' என்று யாரோ கேட்பது காதில் விழுகிறது. சில தொழில்களுக்குப் போதும். மணப்பெண் அலங்காரம், மெஹந்தி, கேக் செய்வது போன்றவற்றுக்கு வாடிக்கையாளர்கள் அங்கேதான் தேடுகிறார்கள். அவர்கள் தளம் கட்டச் செலவிடும் நேரத்தில் நாலு படம் கூடுதலாகப் போடலாம். உங்களில் பலருக்கு அது போதாது, ஏனென்றால் ஒரு முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று விளக்க அங்கே இடமில்லை. படைப்பாளிகள் தங்கள் வேலைகளை ஏற்றும் பெஹான்ஸ் தளத்தில் விளக்கலாம், அங்கேயும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், தேடுகிறவர் கண்ணில் பட உதவும். ஆனால் அவையெல்லாம் வாடகை வீடு. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் கிளம்ப வேண்டியதுதான். ஜியோசிட்டிஸில் லட்சக்கணக்கானவர்கள் தங்கள் முதல் பக்கங்களைக் கட்டினார்கள்; 1999இல் யாஹூ அதை வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. தன்னார்வலர்கள் ஓடி ஓடிச் சேமித்த பகுதிதான் இன்று மிச்சம். மைஸ்பேஸில் இசைக்கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஏற்றி வைத்த பாடல்கள் சர்வர் மாற்றும்போது தொலைந்துவிட்டன என்று 2019இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஏற்றிவிட்டோமே என்று தங்களிடம் பிரதி வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அவை போனது போனதுதான்.

சொந்தத் தளம் என்றால் செலவு அதிகம் என்று எண்ண வேண்டாம். கிட்ஹப் பேஜஸ் 2008 முதல் இருக்கிறது. எச்.டி.எம்.எல். கோப்புகளை ஏற்றினால் இலவசமாகவே பரிமாறும். ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரை இடம் உண்டு, ஆறு வேலைகளுக்குத் தாராளம். பிடிக்கவில்லை என்றால் அதே ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்குப் போய்விடலாம். வேர்ட்பிரஸ் தொடர்ந்து எழுதப் போகிறவர்களுக்கு நல்லது. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் எட்டிப் பார்க்கிறவருக்கு அது தலைவலி. புதுப்பிக்காமல் விட்ட பிளகின் வழியாக யாராவது உள்ளே நுழைந்து மாத்திரை விளம்பரம் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மாதச் சந்தா கட்டி இழுத்து இழுத்துப் பக்கம் அமைக்கும் சேவைகளில் சேர்வதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: நாளை விலகினால் என் பக்கங்களை முழுசாக எடுத்துக்கொண்டு போகலாமா?

தமிழில் எழுதப் போகிறவர்களுக்குத் தனியாகச் சில. நம் மொழி இந்த நிலையின்மையை ஃப்ளாஷுக்கு முன்பே அனுபவித்துவிட்டது. தமிழ் இணையத்தின் ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். பாமினியில் அடித்த பக்கம், பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அந்தத் தளங்கள் பல இன்று இருந்தும் இல்லாதவை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் திஸ்கி போன்ற பழைய குறியேற்றங்களில் தமிழ் நூல்களை ஏற்றியது, பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. அதனால்தான் இன்று கைபேசியில் சங்க இலக்கியம் படிக்க முடிகிறது. அச்சகப் பழக்கத்தில் இன்றும் பழைய எழுத்துருவில் தலைப்பை அடித்து, அதைப் படமாக்கி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் தமிழைக் கூகுளில் உங்கள் பெயரைத் தட்டித் தேடுகிறவர் கண்டடைவார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. லோகோவை வேண்டுமானால் படமாக வையுங்கள். மற்றதெல்லாம் யூனிகோட் எழுத்தாக இருக்கட்டும்.

டெம்ப்ளேட்டுகள் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் வரிகளை நெருக்கி வைத்திருப்பார்கள். 'ஸ்ரீ', 'தீ' என்று மேலே சுழிப்பவையும், 'கூ', 'மு' என்று கீழே இறங்குபவையும் அந்த நெருக்கத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வரி உயரத்தை 1.6 அளவுக்கு ஏற்றிப் பாருங்கள், பக்கம் மூச்சு விடும். நம் சொற்கள் நீளமானவை. 'வடிவமைப்பாளர்களுக்கான' என்பதைப் பெரிய தலைப்பெழுத்தில் போட்டால் 360 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரையை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடும் அலங்காரத்தையும், சாய்வெழுத்தையும் தொடாதீர்கள். சாய்வெழுத்து நம் அச்சு மரபில் பிறந்ததல்ல, உலாவி நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை என்று இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் கிடைக்கின்றன. எந்த எழுத்துரு உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

பக்கத்தின் தலையில் அதன் மொழி தமிழ் என்று குறிக்க ஒரு சிறு குறிப்பு உண்டு. லாங் என்ற இடத்தில் டி, ஏ என்று இரண்டு எழுத்து. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை வைத்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறுகிறது. டெம்ப்ளேட்டில் ஆங்கிலம் என்று இருப்பதை அப்படியே விட்டால் உங்கள் பத்தியை ஆங்கில நாக்கு கடித்துக் குதறிவிடும். படங்களுக்கு மாற்று உரை எழுதுவதும் இதோடு சேர்ந்தது. 'படம் 3' என்று எழுதாதீர்கள், 'பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டுகள்' என்று எழுதுங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து என்பது டிசைனர்களின் தீராத ஆசை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று அணுகல்தன்மை நெறிகள் சொல்கின்றன. வெயிலில் பேருந்துக்கு நின்றபடி படிக்கிறவரும் உங்களை அதற்காக வாழ்த்துவார்.

பெயர் இன்னொரு சிக்கல். நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுத்துக் கூட்டலாம், இனிஷியலை முன்னால் போடலாம், பின்னால் போடலாம். ஆதார் அட்டையில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று, இன்ஸ்டாவில் ஒன்று என்று இருப்பவர்களைக் கை தூக்கச் சொன்னால் பாதி அறை தூக்கும். தொழிலுக்கு ஒரு வடிவத்தைத் தேர்ந்து எல்லா இடத்திலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். எந்த எழுத்தில் தேடினாலும் கிடைப்பீர்கள்.

எடை பற்றி ஒரு வார்த்தை. நான் இதுவரை பேசியதும் இனிப் பேசப் போவதும் சேர்த்து யூனிகோடில் தட்டினால் 100 கிலோபைட்டைத் தாண்டாது. உங்கள் கைபேசி எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் 4, 5 மெகாபைட் இருக்கும். அதை அப்படியே ஏற்றிவிட்டு, சர்வர் மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, வெப்-பி வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் 300 கிலோபைட்டுக்குள் வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இன்னொரு லாபமும் இருக்கிறது. லொக்கேஷன் திறந்திருக்கும்போது எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கும். வீட்டு மேசையில் எடுத்தது என்றால் வீட்டு முகவரியையே ஏற்றியது போல. அளவைக் குறைக்கும்போது அந்தத் தகவலையும் நீக்கிவிடுங்கள்.

அதே கவனம் பயோடேட்டாவுக்கும் வேண்டும். தந்தை பெயர், பிறந்த தேதி, கதவு எண்ணோடு முகவரி, கைபேசி எண் எல்லாம் போட்ட பி.டி.எஃப்.பைப் பொதுவெளியில் தொங்கவிடுகிறோம். நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோகும் தாள் வேறு, உலகம் முழுக்க இறக்கிக்கொள்ளும் கோப்பு வேறு. தளத்துக்கு ஊர்ப் பெயரும் ஒரு மின்னஞ்சலும் போதும்.

கடைசியாக டொமைன். உங்கள் பெயரில் ஒரு முகவரி. வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டுவது. ஒரே தடவையில் பத்து வருடம் வரைக்கும் கட்டி வைக்கலாம். '.இந்தியா' என்று முழுக்கத் தமிழிலேயே முகவரி வாங்கலாம். ஆசைக்கு வாங்குங்கள், ஆனால் அதையே ஒரே முகவரியாக வைக்காதீர்கள். வேலை தரப்போகிறவரின் கணினியில் தமிழ் விசைப்பலகை இருக்கும் என்று சொல்ல முடியாது. பக்கங்களின் முகவரிகளையும் அடிக்கடி மாற்றாதீர்கள். நல்ல முகவரி மாறாது என்று பெர்னர்ஸ்-லீ 1998லேயே ஒரு கட்டுரை எழுதினார். நீங்கள் ஒருவருக்கு அனுப்பிய லிங்க்கை அவர் மூன்று வருடம் கழித்துத் தேவைப்படும்போதுதான் தேடி எடுப்பார்.

டொமைனை நீங்களே, உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். தளம் கட்டித் தந்த சீனியர் தன் கணக்கில் வாங்கிக் கொடுப்பார். அவர் வெளிநாடு போய்விட்டால் கடவுச்சொல்லும் போய்விடும். கல்லூரி தந்த மின்னஞ்சலிலும் பதிவு செய்ய வேண்டாம். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகள் அந்தக் கணக்கை மூடிவிடுகின்றன. புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் அங்கே போய்க்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியாது. காலாவதியானதும் சில வாரங்கள் மீட்க வாய்ப்பிருக்கும், அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதையும் தவறவிட்டால் பெயர் பொதுச் சந்தைக்குப் போகும். அப்படிப் போகும் பெயர்களை வாங்குவதற்கென்றே காத்திருப்பவர்கள் உண்டு. அப்புறம் உங்கள் பெயரைத் தட்டினால் சூதாட்டத் தளம் திறக்கும்.

கணினி அறையை மாலை ஆறு மணி வரை திறந்து வைப்பதாகத் துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார். மடிக்கணினி இல்லாதவர்களும் வரலாம். வரும்போது ஒரே ஒரு வேலையைத் தேர்ந்து, அதன் கிறுக்கல் தாள்களோடு வாருங்கள். யாருக்காகச் செய்தது, எது இடையூறாக இருந்தது, எது உங்கள் கை, எது அடுத்தவர் கை என்று காகிதத்தில் எழுதிவிட்டால் பக்கம் கட்டுவதை அங்கேயே ஆரம்பித்துவிடலாம். அதற்கு முன் கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையிலிருந்து தொடங்குவோம்.